ஆய்வேட்டில் பக்க எண்கள் சொன்னபடி கேட்க

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இதுதான்: தமிழில் முனைவர் பட்ட ஆய்வேட்டை வேர்டில் ஒரே கோப்பாக அடித்து முடித்துவிட்டீர்கள். தலைப்புப் பக்கம், சான்றிதழ், உறுதிமொழி, நன்றியுரை, பொருளடக்கம் வரை சிறிய ரோமன் எண் வர வேண்டும். முன்னுரையிலிருந்து 1, 2, 3 என்று தொடங்க வேண்டும். ஒவ்வொரு இயலின் முதல் பக்கத்திலும் எண் அச்சாகக் கூடாது, ஆனால் கணக்கில் சேர வேண்டும் என்று நெறியாளர் சொல்லியிருக்கிறார். ஓரிடத்தில் எண்ணை மாற்றினால் எல்லா இடத்திலும் மாறிவிடுகிறது. அலுத்துப்போய், இயலுக்கு ஒரு கோப்பாகப் பிரித்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். பிரிக்க வேண்டாம். வேர்ட் பக்க எண்ணை எங்கே வைத்துக்கொள்கிறது என்று ஒருமுறை பிடிபட்டால் நீங்கள் கேட்ட மூன்றையும் ஒரே கோப்பில் செய்துவிடலாம். ஆய்வேடுகளையும் புத்தகங்களையும் அச்சுக்குத் தயார் செய்து கொடுக்கும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். சமர்ப்பிக்க இரண்டு நாள் இருக்கும்போது மாணவர்கள் தூக்கிக்கொண்டு வரும் சிக்கல் பெரும்பாலும் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பக்க எண் விஷயத்தில் வேர்ட் இரண்டு தகவல்களைத் தனித்தனி இடத்தில் வைத்திருக்கிறது. எண் எந்த வடிவத்தில் வரும், எந்த எண்ணில் தொடங்கும் என்பது செக்ஷனுக்குச் சொந்தம். தனித்தனி ஏற்பாடு வைத்துக்கொள்வதற்காகக் கோப்புக்குள் பிரிக்கும் பகுதிதான் செக்ஷன். அந்த எண் தாளில் எந்த இடத்தில் அச்சாகும் என்பது ஃபுட்டருக்கோ (பக்கத்தின் அடிப்பட்டை) ஹெட்டருக்கோ (மேல்பட்டை) சொந்தம். ஃபுட்டரில் நீங்கள் பார்க்கும் 5 என்பது தட்டச்சு செய்த 5 கிடையாது, "இந்தப் பக்கத்தின் எண்ணை இங்கே போடு" என்கிற கட்டளை. ஃபுட்டரைத் திறந்து ஆல்ட், எஃப்9 இரண்டையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். எண் மறைந்து, நெளிந்த அடைப்புக்குறிக்குள் பேஜ் என்ற ஆங்கிலச் சொல் தெரியும். மறுபடி அழுத்தினால் எண் திரும்பி வரும். முந்நூறு பக்க ஆய்வேட்டுக்கும் அந்த ஒரே கட்டளைதான். ஒவ்வொரு பக்கத்திலும் அது தான் இருக்கும் செக்ஷனின் ஏற்பாட்டைப் பார்த்து எண்ணைக் காட்டுகிறது. ஆகவே முன்பகுதிக்கு ரோமன், முன்னுரையிலிருந்து 1 என்று மாற்றுவதற்கு இரண்டு ஃபுட்டர்கள் தேவையில்லை, இரண்டு செக்ஷன்கள் இருந்தால் போதும். "முதலில் லிங்க் டு பிரிவியஸை எடுத்துவிடுங்கள்", அதாவது முந்தைய செக்ஷனின் ஃபுட்டரோடு இருக்கும் இணைப்பை அறுத்துவிடுங்கள் என்றுதான் பல விளக்கங்கள் தொடங்குகின்றன. அது தவறில்லை, ஆனால் உங்கள் தேவைக்கு வேண்டாத வேலை. அந்த இணைப்பை அங்கங்கே அறுத்துவிட்டு, எங்கே அறுத்தோம் என்று மறந்த கோப்புகளைச் சரிசெய்வதுதான் மிகவும் கடினம்.

இப்போது உங்கள் கோப்பில் எல்லா எண்ணும் சேர்ந்து மாறுவதற்குக் காரணம், அநேகமாக முழுக் கோப்பும் ஒரே செக்ஷனாக இருப்பதுதான். இயல் முடிந்ததும் கண்ட்ரோல், எண்டர் அடித்து அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பீர்கள். அது பக்கத்தை மட்டும் உடைக்கும், செக்ஷனை உடைக்காது. கண்ட்ரோல், ஷிஃப்ட், 8 மூன்றையும் அழுத்தினால் மறைந்திருக்கும் குறிகள் தெரியும். ஒற்றைப் புள்ளிக்கோட்டில் "பேஜ் பிரேக்" என்று இருந்தால் அது வெறும் பக்க உடைப்பு. இரட்டைப் புள்ளிக்கோட்டில் "செக்ஷன் பிரேக்" என்று இருந்தால்தான் அங்கே புதிய செக்ஷன் தொடங்குகிறது. அப்படியே திரையின் அடியில் இருக்கும் நிலைப்பட்டையில் வலது கிளிக் செய்து "செக்ஷன்", "ஃபார்மட்டெட் பேஜ் நம்பர்" இரண்டையும் டிக் செய்துகொள்ளுங்கள். கர்சர் எந்தச் செக்ஷனில் இருக்கிறது, அந்தப் பக்கத்தில் அச்சாகப்போகும் எண் என்ன என்று எப்போதும் கண்முன் தெரியும். இந்த இரண்டும் இல்லாமல் செய்யும் பக்க எண் வேலை குருட்டாம்போக்குதான்.

செய்யும் வரிசை முக்கியம். முதலில் எந்தச் செக்ஷன் பிரேக்கும் போடாமல், முழுக் கோப்பும் ஒன்றாக இருக்கும்போதே ஃபுட்டரைத் திறந்து பக்க எண்ணைச் செருகுங்கள். அதே பட்டையில் "டிஃபரென்ட் ஃபர்ஸ்ட் பேஜ்" என்பதை டிக் செய்யுங்கள். முதல் பக்கத்துக்கென்று தனி ஃபுட்டர் உருவாகும், அதைக் காலியாக விடுங்கள். தலைப்புப் பக்கத்தில் எண் மறைந்துவிட்டது, இரண்டாம் பக்கத்திலிருந்து தெரிகிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அதற்குப் பிறகு முன்னுரைக்கு முன்னாலும், ஒவ்வொரு இயலுக்கு முன்னாலும், முடிவுரைக்கும் துணைநூற்பட்டியலுக்கும் முன்னாலும் பழைய பேஜ் பிரேக்கை அழித்துவிட்டு, லேஅவுட் தாவலில் "பிரேக்ஸ்" என்பதில் "நெக்ஸ்ட் பேஜ்" செக்ஷன் பிரேக் போட்டுக்கொண்டே வாருங்கள். 2013 வரையான பதிப்புகளில் அந்தத் தாவலின் பெயர் பேஜ் லேஅவுட். பழைய பேஜ் பிரேக்கை விட்டுவைத்தால் நடுவில் ஒரு வெற்றுப் பக்கம் முளைக்கும்.

இந்த வரிசையின் பலன் இங்கேதான் தெரியும். புதிய செக்ஷன் ஒவ்வொன்றும் பழையதன் ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொள்கிறது. "முதல் பக்கம் வேறு" என்ற டிக்கும் கூடவே வரும், காலியான முதல் பக்க ஃபுட்டரும் இணைப்பு வழியாக வரும். அதனால் எல்லா இயல்களின் முதல் பக்கத்திலும் எண் தானாக மறைந்திருக்கும். நெறியாளர் கேட்டது, ஓரிடத்திலும் இணைப்பை அறுக்காமல், கிடைத்துவிட்டது. மறைந்த பக்கமும் கணக்கில் இருக்கும், அடுத்த பக்கத்தில் அடுத்த எண் சரியாக வரும். ஏற்கனவே பிரேக் போட்டுவிட்ட கோப்பாக இருந்தால் பேஜ் செட்டப் பெட்டியைத் திறந்து, அதில் லேஅவுட் பகுதியில் அதே டிக்கைப் போட்டு, "அப்ளை டு" என்ற இடத்தில் முழு ஆவணத்தையும் தேர்ந்தெடுத்தால் எல்லாச் செக்ஷனுக்கும் போய்ச் சேரும்.

எண் வடிவத்தைக் கடைசியாகத் தொடுங்கள். கர்சரை முன்பகுதியின் ஃபுட்டரில் வைத்து "ஃபார்மட் பேஜ் நம்பர்ஸ்" திறந்து சிறிய ரோமனைத் தேர்ந்தெடுங்கள். முன்னுரைச் செக்ஷனில் வந்து 1, 2, 3 வடிவத்தை வைத்து "ஸ்டார்ட் அட்" 1 கொடுங்கள். அதற்கு அடுத்த எல்லாச் செக்ஷனிலும் "கன்டினியூ ஃப்ரம் பிரிவியஸ் செக்ஷன்" என்று இருக்கிறதா என்று பாருங்கள். எண் வைத்த பிறகு பிரேக் போட்டால், 1-இல் தொடங்கு என்ற ஏற்பாடும் நகலாகி இயல் இரண்டும் 1-இலேயே தொடங்கக்கூடும். "ஒவ்வொரு இயலும் 1 என்று வருகிறது" என்று வரும் புகார்களில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

செக்ஷன் பிரேக்கை அழிக்கும்போது நிதானமாக இருங்கள். ஒரு செக்ஷனின் ஏற்பாடு முழுவதும் அதன் முடிவில் இருக்கும் பிரேக் குறியில் சேமிக்கப்படுகிறது, தொடக்கத்தில் இல்லை. கடைசிச் செக்ஷனுக்கு மட்டும் கோப்பின் இறுதிப் பத்திக்குறியில் இருக்கிறது. எனவே பொருளடக்கத்துக்கும் முன்னுரைக்கும் நடுவில் இருக்கும் பிரேக்கை அழித்தால், முன்னுரை ரோமனுக்கு மாறும் என்று எதிர்பார்ப்போம். நடப்பது நேர் எதிர்: மேலே இருந்த சான்றிதழும் நன்றியுரையும் கீழே இருக்கும் செக்ஷனின் ஏற்பாட்டுக்கு மாறி 1, 2, 3 ஆகிவிடும். அகலத்தாளாக (லேண்ட்ஸ்கேப்) இருந்த பக்கங்கள் திடீரென்று நெட்டுக்கு மாறுவதும் இதே காரணத்தால்தான். அப்படி நடந்தால் வேறு எதையும் தொடாமல் உடனே கண்ட்ரோல், இசட் அடித்துப் பின்வாங்குங்கள்.

இணைப்பை அறுத்தே ஆக வேண்டிய இடம் ஒன்று உண்டு, அது பெரிய அட்டவணை. கள ஆய்வுத் தரவுகளை அகலத்தாளில் போட அதற்கு முன்னும் பின்னும் செக்ஷன் பிரேக் போடுவீர்கள். அந்தச் செக்ஷனிலும் அதற்கு அடுத்ததிலும், கூடவே வந்துவிடும் "டிஃபரென்ட் ஃபர்ஸ்ட் பேஜ்" டிக்கை எடுத்துவிட்டால், திரையில் எண் அந்தப் பக்கத்தின் அடியில் அழகாகத் தெரியும். ஆனால் பைண்டிங்கில் அந்தத் தாள் திரும்பி உட்காரும்போது எண் பக்கவாட்டில் போய்விடும். மற்ற பக்கங்களில் இருக்கும் இடத்திலேயே எண் வர வேண்டும் என்றால் அந்தப் பக்கத்தின் குறுகிய விளிம்பில், எழுத்து திருப்பிய உரைப்பெட்டிக்குள் எண்ணை வைக்க வேண்டும். இதற்கு முதலில் அட்டவணைக்கு அடுத்த செக்ஷனில் இணைப்பை எடுங்கள், பிறகு அட்டவணைச் செக்ஷனில் எடுங்கள், அதன் பிறகுதான் எண்ணை நகர்த்துங்கள். இணைப்பை எடுக்கும்போது பழைய ஃபுட்டரின் நகல் அங்கேயே தங்கிவிடும், எதுவும் அழியாது. ஹெட்டர், ஃபுட்டர் இரண்டுக்கும் இணைப்பு தனித்தனி. முதல் பக்கம், ஒற்றைப்படைப் பக்கம், இரட்டைப்படைப் பக்கம் என்று பிரித்திருந்தால் அவை ஒவ்வொன்றுக்கும் தனி. ஓரிடத்தில் எடுத்துவிட்டு "எடுத்தும் மாறுகிறதே" என்று குழம்புவது இதனால்தான். ஓரத்தில் "சேம் ஆஸ் பிரிவியஸ்" என்ற சிறு எழுத்து இருக்கும்வரை அந்த இடம் இன்னும் இணைந்தே இருக்கிறது.

தமிழ் ஆய்வேடுகளுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது, ஆங்கில விளக்கங்களில் இது கிடைக்காது. கோப்பு பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடிக்கப்பட்டு, ஃபுட்டரும் அதே எழுத்துருவில் இருந்தால் ரோமன் எண்கள் தமிழ் எழுத்தாகத் தெரியும். ரோமன் எண் ஆங்கில எழுத்துகளால் ஆனது. பாமினியில் அந்த இடங்களில் தமிழ் எழுத்துகள் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றைக் குறிக்கும் எழுத்தின் இடத்தில் கை, பை எழுதப் போடும் இணைக்கொம்பு இருக்கிறது, ஐந்தைக் குறிக்கும் எழுத்தின் இடத்தில் எ, பத்தைக் குறிக்கும் எழுத்தின் இடத்தில் ஒ. ஆகவே மூன்றாம் பக்கத்தில் மூன்று கொம்புகள் வரிசையாக நிற்கும், நான்காம் பக்கத்தில் கொம்பும் எ-வும் வரும். முன்னுரைக்கு வந்தால் 1, 2, 3 சரியாகத் தெரியும், அதனால் கோப்பு கெட்டுவிட்டது என்றே பலர் நினைக்கிறார்கள். கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஃபுட்டரில் அந்த எண்ணைத் தேர்ந்தெடுத்து டைம்ஸ் நியூ ரோமனுக்கு மாற்றினால் தீர்ந்தது. ஃபுட்டர் ஸ்டைலிலேயே எழுத்துருவை மாற்றிவிட்டால் இன்னும் நல்லது. யூனிகோடில் அடித்தவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்களுக்கு எண்ணின் அளவு மட்டும் உடனிருக்கும் தமிழ் எழுத்தோடு ஒத்துப்போகாமல் தெரியலாம். வேர்ட் தமிழை "காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்" என்ற தனி வகையில் வைத்து, அதற்கான எழுத்துருவையும் அளவையும் ஆங்கிலத்துக்கும் எண்ணுக்கும் உரியவற்றிலிருந்து பிரித்து வைத்திருக்கிறது. கண்ட்ரோல், டி அழுத்தினால் இரண்டையும் ஒரே பெட்டியில் பார்த்துச் சரிசெய்யலாம்.

"2-15" என்பதுபோல இயல் எண்ணோடு பக்க எண் வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேர்டில் அதற்கு வழி இருக்கிறது: எண் வடிவப் பெட்டியிலேயே "இன்க்ளூட் சாப்டர் நம்பர்" என்ற டிக். ஆனால் அது வேலை செய்ய வேண்டுமானால் இயல் தலைப்புகள் ஹெடிங் 1 ஸ்டைலில் இருக்க வேண்டும், அவற்றின் எண்களும் மல்டிலெவல் லிஸ்ட் வழியாகத் தானாக வந்திருக்க வேண்டும். "இயல் 2" என்று கையால் அடித்து, நடுவில் நிறுத்தி, தடிமனாக்கிய தலைப்பை வேர்ட் தலைப்பாகவே எடுத்துக்கொள்ளாது. இப்படி எண்ணிடும்போது ஒவ்வொரு இயலும் 1-இலிருந்து தொடங்க வேண்டும், அதையும் செக்ஷன் செக்ஷனாக வைக்க வேண்டும். என்னைக் கேட்டால் ஆய்வேட்டுக்கு இது வேண்டாம். ஓர் அத்தியாயத்தை மட்டும் எடுத்துவிட்டுப் புதிய தாள்களைச் செருகும் இயந்திரக் கையேடுகளுக்கு அது பொருந்தும். ஆய்வேட்டை மேற்கோள் காட்டுகிறவர் "பக்கம் 147" என்று ஒரே எண்ணைத்தான் எழுத விரும்புவார். ஆனால் ஹெடிங் 1 ஸ்டைலை எப்படியும் பயன்படுத்துங்கள். பொருளடக்கம் தானாக உருவாகவும், மேலே இயலின் பெயர் தானாக வரவும் அதுதான் அடிப்படை. இயல் பெயரை ஹெட்டரில் காட்ட ஒவ்வொரு செக்ஷனிலும் கையால் அடிக்காதீர்கள். ஸ்டைல்ரெஃப் என்ற ஃபீல்டை (பக்க எண்ணைப் போலவே இதுவும் ஒரு கட்டளை) ஒருமுறை செருகி ஹெடிங் 1-ஐக் காட்டிவிட்டால், அந்தந்தப் பக்கத்துக்குரிய இயல் தலைப்பை அதுவே எடுத்து வைக்கும்.

இனி கோப்புகளைப் பிரிக்கும் யோசனை. பிரித்தால் ஒவ்வொரு கோப்பிலும் தொடக்க எண்ணை நீங்களே கொடுக்க வேண்டும். இயல் இரண்டில் நெறியாளர் ஒரு பத்தி சேர்க்கச் சொல்லி அது ஒரு பக்கம் நீண்டால், மூன்றிலிருந்து கடைசிவரை எல்லாக் கோப்பையும் திறந்து திருத்த வேண்டும். பொருளடக்கத்தையும் கையால் அடிக்க வேண்டிவரும். தனிக் கோப்புகளைச் சேர்த்துக் கட்ட மாஸ்டர் டாக்குமென்ட் என்ற வசதி வேர்டில் உண்டு. கோப்பு சிதைந்துபோகும் என்று அதற்கு நெடுநாளாகக் கெட்ட பெயர், நான் ஆய்வேட்டுக்கு அதைப் பரிந்துரைப்பதில்லை. நானூறு பக்க உரையை ஒரே கோப்பாக வேர்ட் தாராளமாகத் தாங்கும். திணறுகிறது என்றால் காரணம் அநேகமாக ஸ்கேன் செய்து ஒட்டிய ஓலைச்சுவடிப் படங்களும் கல்வெட்டுப் படங்களும்தான். "கம்ப்ரஸ் பிக்சர்ஸ்" கொடுத்துப் படங்களின் அளவைக் குறையுங்கள், மூலப் படங்களைத் தனியே பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னது வேர்ட் எப்படி இயங்குகிறது என்பது, அதில் சந்தேகம் இல்லை. உங்கள் பல்கலைக்கழகம் என்ன கேட்கிறது என்பது வேறு, அதை நான் இங்கிருந்து உறுதியாகச் சொல்ல முடியாது. உதாரணத்துக்கு, அண்ணா பல்கலைக்கழக வடிவமைப்பு வழிகாட்டியில் தலைப்புப் பக்கம் ரோமன் ஒன்றாகக் கணக்கில் வரும், ஆனால் அச்சாகக் கூடாது. முன்பகுதி முழுவதும் சிறிய ரோமன், முதல் அத்தியாயத்திலிருந்து சாதாரண எண். எண் இருக்க வேண்டிய இடம் மேலே வலது மூலை. மற்ற இடங்களில் கீழே நடுவில் கேட்பதும் உண்டு. முன்னுரையை 1 என்று தொடங்குவதா, அதையும் ரோமனில் விட்டு இயல் ஒன்றை 1 என்று தொடங்குவதா என்பதிலும் துறைக்குத் துறை பழக்கம் மாறுகிறது. இயலின் முதல் பக்கத்தில் எண்ணை மறைப்பது பெரும்பாலும் அழகுக்கான அச்சு மரபு. உங்கள் நெறியாளர் சொன்னது விதியா, அவருடைய விருப்பமா என்று ஆய்வுப் பிரிவின் எழுத்து வடிவ வழிகாட்டியைப் பார்த்துக்கொள்வது நல்லது. நண்பரின் பழைய ஆய்வேட்டைப் பார்த்து அப்படியே செய்யாதீர்கள், விதி நடுவில் மாறியிருக்கலாம்.

தாளின் இரண்டு பக்கமும் அச்சடிப்பதாக இருந்தால் இன்னொரு முடிவு எடுக்க வேண்டும். இயல் எப்போதும் வலப்பக்கத்தில் தொடங்க வேண்டுமென்றால் "நெக்ஸ்ட் பேஜ்" என்பதற்குப் பதில் "ஆட் பேஜ்" (Odd Page, ஒற்றைப்படைப் பக்கம்) செக்ஷன் பிரேக் போடுங்கள். இயல் ஒன்று 43-இல் முடிந்தால் இயல் இரண்டு 45-இல் தொடங்கும். நடுவில் 44 வெற்றுத் தாளாக அச்சில் வரும், ஆனால் திரையில் அந்தப் பக்கமே தெரியாது. எண் தாண்டிவிட்டது என்று பதறி அதைத் திருத்தப் போகாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் அச்சடிக்கும் ஆய்வேட்டுக்கு இது வேண்டவே வேண்டாம், வீணாக வெற்றுத்தாள் விழும்.

லிப்ரே ஆபிஸில் செய்கிறவர்கள் வேறு வழியில் யோசிக்க வேண்டும். அங்கே செக்ஷன் என்ற பெயரில் இருப்பது வேறு வேலைக்கு. பக்க எண் பக்க ஸ்டைலோடு சேர்ந்தது. முன்பகுதிக்கு ஒரு பக்க ஸ்டைல், இயல்களுக்கு ஒன்று என்று உருவாக்கி, எண் வடிவத்தை அந்த ஸ்டைலிலேயே வைத்துவிட்டு, முன்னுரைக்கு முன்னால் "மேனுவல் பிரேக்" போடும்போது புதிய ஸ்டைலையும் தொடக்க எண் 1-ஐயும் அதே பெட்டியில் கொடுக்க வேண்டும். எண் ஃபீல்டில் இருக்கும் "ஆஃப்செட்" என்பதை வைத்து எண்ணைக் கூட்டவோ குறைக்கவோ முயலாதீர்கள். இத்தனை பக்கம் தள்ளி இருக்கும் பக்கத்தின் எண்ணைக் காட்டு என்பது அதன் பொருள். அப்படி ஒரு பக்கம் இல்லாத இடத்தில் எண் காணாமலே போய்விடும். ஒற்றைப்படை எண் வலப்பக்கத்தில்தான் வரும் என்பதை அந்த மென்பொருள் விடாமல் கடைப்பிடிக்கிறது, தேவைப்பட்டால் தானே வெற்றுப் பக்கம் சேர்த்துக்கொள்ளும். அது வேண்டாம் என்றால் பிடிஎஃப் ஏற்றுமதிப் பெட்டியில் அதற்கான டிக்கை எடுத்துவிடுங்கள்.

கடைசித் திருத்தம் முடிந்ததும், கடைக்குக் கொண்டுபோகும் முன், பொருளடக்கத்தில் வலது கிளிக் செய்து "அப்டேட் ஃபீல்ட்" கொடுத்து முழு அட்டவணையையும் புதுப்பியுங்கள். பக்க எண்ணை மட்டும் புதுப்பித்தால் நடுவில் மாற்றிய தலைப்புகள் பழையபடியே நிற்கும். பிறகு பிடிஎஃப் ஆக்கி, பொருளடக்கத்தில் உள்ள எண்களை ஒவ்வொன்றாக அந்தப் பக்கத்தின் அடியில் அச்சாகியிருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். பிடிஎஃப் மென்பொருள் மேலே காட்டும் எண் பெரும்பாலும் கோப்பின் வரிசை எண்ணாகத்தான் இருக்கும், அது ரோமன் பக்கங்களையும் சேர்த்து எண்ணியது. கடைக்காரரிடம் "20-ஆம் பக்கத்தை மட்டும் மறுபடி எடுங்கள்" என்று சொன்னால் அவர் எந்த 20-ஐ எடுப்பார் என்பது நிச்சயமில்லை. வேர்டிலிருந்தே அச்சடித்தால், பக்கம் கேட்கும் இடத்தில் ஆங்கில எழுத்து பி, பக்க எண், ஆங்கில எழுத்து எஸ், செக்ஷன் எண் நான்கையும் இடைவெளி இல்லாமல் கொடுங்கள். எந்தச் செக்ஷனின் எந்தப் பக்கம் என்று வேர்டுக்குத் தெளிவாகிவிடும். அந்தச் செக்ஷன் எண்ணை நிலைப்பட்டையில் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். வேர்ட் கோப்பைக் கடைக்கு அனுப்பாமல் பிடிஎஃப்பையே கொடுங்கள். உங்கள் எழுத்துரு அந்தக் கணினியில் இல்லையென்றால் வேறு எழுத்துரு ஏறி, வரிகள் நகர்ந்து, இயல்கள் வேறு பக்கத்தில் போய் முடியும். பொருளடக்கத்தில் இருப்பது ஒன்று, தாளில் இருப்பது இன்னொன்று என்று ஆகிவிடும். பிரேக் போட்ட பிறகும் எண் தப்பாக வந்தால், எந்தச் செக்ஷனில் எந்த எண் வருகிறது, அங்கே "சேம் ஆஸ் பிரிவியஸ்" தெரிகிறதா என்ற இரண்டையும் குறிப்பிட்டு எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.